தோல் கூடத்து அரை நட்சத்திரம்

நான்காம் அத்தியாயம்
கண் ஒன்று சொல்ல, கை வேறு சொன்னது

ஜோலார்பேட்டையில் ரயிலைவிட்டு இறங்கி ஏலகிரி மலையில் பாதி ஏறுவதற்குள் அமீர் பாஷா மூன்று முறை செத்துப்போனான். மூன்று முறையும் வழியில் மோர்ப்பானை கண்ணில் பட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நான்காவது முறை சாகலாம் என்று ஒரு பாறையில் சாய்ந்தபோது, இனிமேல் உச்சிவரை மோர் கிடையாது என்று துப்பறியும் சுப்பராயன் சொன்னார். சாவைத் தள்ளிவைத்துவிட்டு நடந்தான்.

சுப்பராயனுக்கு மேல்மூச்சுகூட வாங்கவில்லை. வேலூரில் துப்பறியும் தொழில் தொடங்குவதற்கு முன்னால் அவர் சர்வே இலாகாவில் இருபது வருஷம் மலை அளந்தவர். ஒரு குன்றை அவர் அளந்துவிட்டு இறங்கிய பிறகு, அந்தக் குன்று கூச்சப்பட்டு இரண்டடி குனிந்துகொண்டது என்று இலாகாவில் பேசிக்கொண்டார்கள். கணக்கில் இரண்டடி உதைத்ததென்னவோ நிஜம்.

அவருடைய கூட்டாளி அமீர் பாஷாவின் படிப்பு வேறு. ஆம்பூர்த் தோல் கிடங்கில் பதினெட்டு வருஷம் தோல் தரம் பிரித்தவன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோலைத் தடவினால் அது நெமிலி ஆடா, ஒடுகத்தூர் ஆடா என்று சொல்லிவிடுவான். உயிரோடு இருந்தபோது அந்த ஆட்டுக்கு என்ன குணம் என்றும் சொல்வான். அதைச் சரிபார்க்கத்தான் யாருக்கும் வழியில்லை.

"அண்ணே, அந்த லெட்டர இன்னொரு வாட்டி படிங்க. கால் வலி மறக்கும்" என்றான் அமீர்.

சுப்பராயன் நடந்துகொண்டே படித்தார். காரைமேடு சமஸ்தானத்து ராணி அமிர்தவள்ளி எழுதியது.

'மலைமேல் எங்களுடைய கோடைக்கால அரண்மனை பனிமகால் இருக்கிறது. அதன் சுனை யாருடையது என்று எங்களுக்கும் கீழ்க்கொட்டாய் ஜனங்களுக்கும் வழக்கு. மகாலைக் கட்டிய ராஜா தோலில் வரைந்துவைத்த மனைப்படம் என்ன சொல்கிறதோ, அதற்கு இரண்டு கட்சியும் கட்டுப்படுவதாகக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டோம். இப்போது கூடத்தில் தொங்கும் படம் சுனையை மதிலுக்கு வெளியே காட்டுகிறது. அது போலி, மகாலைப் பெருக்கும் முனியம்மா நிஜப் படத்தை எடுத்துவிட்டு இதை மாட்டிவிட்டாள் என்கிறார் காரியஸ்தர். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கோர்ட்டுக் கமிஷனர் ஒரு போலீஸ் ஜமேதாரோடு வருகிறார். படம் போலி என்றால் முனியம்மாவை ஜமேதார் கூட்டிக்கொண்டு போவார். நிஜம் என்றால் நான் சுனையைத் திறந்துவிடுவேன். எது நடந்தாலும் எனக்குச் சம்மதம். பொய் நடக்கக்கூடாது.'

"வியாழக்கெழமன்னா இன்னிக்கு."

"இன்னிக்குத்தான். இப்ப மணி ரெண்டரை."

"நேத்தே வந்திருக்கலாம்."

"நேத்து உங்க மச்சான் வீட்டுல பிரியாணின்னு நீங்கதான் பாய் வரமாட்டேன்னீங்க."

அமீர் பாஷா அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, பாதையோரம் இருந்த காப்பித் தோட்டத்தைக் காட்டினான். சுற்றிலும் புல் காய்ந்து கிடந்தது. அந்தத் தோட்டம் மட்டும் பச்சைப் பட்டு விரித்தது போலிருந்தது. புதிதாக வெட்டிய ஒரு கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதில் கால் கழுவிக்கொண்டார்கள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. தோட்டம் யாருடையது என்று சுப்பராயன் அங்கே களையெடுத்தவரைக் கேட்டார்.

"காரியஸ்தரோட மச்சினருதுங்க" என்று பதில் வந்தது.

"மச்சானுங்கன்னா இப்படித்தான். ஒருத்தன் பிரியாணி போடுறான், ஒருத்தன் தண்ணி குடிக்கிறான்" என்றான் அமீர்.

பனிமகாலைப் பற்றி இங்கே நான்கு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. 1868-இல் காரைமேடு ராஜா அதைக் கட்ட ஆரம்பித்து நான்கு வருஷத்தில் முடித்தார். யாரைப் பார்த்தாலும் அவரிடமிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கிக் கட்டுவது அவர் பழக்கம். ஆற்காட்டிலிருந்து வந்த விருந்தாளியைப் பார்த்து நவாபு பாணியில் வளைவுகள் வைத்தார். மைசூரிலிருந்து வந்தவரைப் பார்த்துக் கடைசல் பிடித்த தேக்குத் தூண்கள் நிறுத்தினார். சென்னையிலிருந்து வந்த வெள்ளைக்கார இஞ்சினீர், இங்கிலீஷ் மாளிகை என்றால் குளிர்காயக் கணப்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். குளிருக்காகவே கட்டுகிற மகாலில் கணப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கணப்பு கட்டியாயிற்று. அன்றிலிருந்து அதில் மாவடு ஜாடிகள் இருக்கின்றன.

சுண்ணாம்பை வெல்லமும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு அரைத்து, மூன்றடி கனத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அந்தக் காலத்தில் சித்திரை மாதத்தில்கூட மகாலுக்குள் கொசு கடிப்பதற்கு முன்பு கைகளைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்ளும் என்று அரண்மனைச் சமையற்காரர் ஒருவர் சத்தியம் செய்திருக்கிறார். அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. ரசம் வைப்பதில்தான் கொஞ்சம் குறை.

ஆனால் 1931 சித்திரையில் அமீர் பாஷா உள்ளே நுழைந்ததும் முதலில் செய்தது, தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதுதான்.

"பனிமகாலாம். நம்ம தோல் கிடங்கே தேவல."

"எனக்கும் அதுதான் விளங்கவில்லை" என்று ஒரு குரல் கேட்டது.

ராணி அமிர்தவள்ளிக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைப் புடவை. கையில் விசிறி. "கணவர் இருந்தவரைக்கும் அவர் மட்டும்தான் இங்கே வருவார். நான் காரைமேட்டிலேயே இருந்துவிட்டேன். குளிரும் குளிரும் என்று நாற்பது வருஷமாகக் கேட்டு, இந்த வருஷம்தான் முதல் தடவையாக வந்தேன். வந்து பத்து நாளாக விசிறிக்கொண்டிருக்கிறேன்."

"காலம் கெட்டுப்போச்சு, மகாராணி. மலையே சூடாகிவிட்டது" என்றார் அவருக்குப் பின்னால் நின்ற மனிதர். நெற்றியில் சந்தனம், கையில் பிரம்பு, இடுப்பில் சாவிக்கொத்து. காரியஸ்தர் தணிகாசலம். அவர் நடந்தால் சாவிகள் முன்னால் போய் ஆள் வருவதைச் சொல்லும்.

"படத்தைப் பார்க்கலாமா?" என்றார் சுப்பராயன்.

தோல் கூடம் மகாலின் நடுவில் இருந்தது. நீளம் அதிகம், அகலம் குறைவு. மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கல் ஜன்னல். ஒரே கருங்கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளைத்த பின்னல் வேலை. அதற்கு நேர் எதிரே, கிழக்குச் சுவர் முழுக்கத் தோல். நான்கு நான்கு ஆட்டுத்தோலைச் சேர்த்துத் தைத்து, ஆள் உயரத் திரை திரையாகப் பித்தளை வளையத்தில் மாட்டியிருந்தார்கள். சீமைப் பிரபு வீட்டுச் சுவரில் தோல் ஒட்டியிருக்கும் படத்தை ராஜா எங்கேயோ பார்த்துவிட்டாராம். அரண்மனைப் புரோகிதர் தோலைத் தாண்டி நடக்கமாட்டேன் என்று சொல்ல, அவர் பூஜை அறைக்குப் போவதற்கென்று தனியாக ஒரு சந்தும் கட்ட வேண்டியதாயிற்று. சந்து குறுகல், புரோகிதர் அகலம். அதனால் அவர் கடைசிவரை தோல் கூடத்தின் வழியாகத்தான் போனார், கண்ணை மூடிக்கொண்டு.

நடுத்திரையில் மனைப்படம். கறுப்பு மையில் மதில், அறைகள், தூண்கள். நீலத்தில் தண்ணீர். சுனை மதிலுக்கு வெளியே, வடக்கே இருந்தது.

அமீர் பாஷா படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துத் திரைகளைப் பார்த்தான். அவற்றில் சிவப்புச் சிவப்பாக நட்சத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு வால்.

"அண்ணே, இது சாயம் இல்ல. வெயிலு."

"விவரமா சொல்லுங்க பாய்."

"ஆவாரம்பட்டையில பதம் பண்ண தோலு வெயில் பட்டா செவந்துடும். இப்பல்லாம் கடைசியில கடுக்காத் தண்ணியில ஒரு முழுக்கு போடுறோம், செவக்காது. அந்தக் காலத்துல எங்க தாதாவுக்கு அது தெரியாது. இந்த ஜன்னல் வழியா வெயில் வந்து, எங்கெங்க பட்டுச்சோ அங்கங்க நட்சத்திரம் விழுந்திருக்கு. சூரியன் நகருது பாருங்க, அதான் வாலு."

"உங்க தாத்தாதான் இதைச் செஞ்சாரா?"

"யார் செஞ்சா இன்னா, எங்க தாதான்னு சொல்றதுதான் வழக்கம்."

"வெயில் நாள் பூராவும் வருமா?" என்று சுப்பராயன் ராணியிடம் கேட்டார்.

"கோடை இரண்டு மாதம்தான் ஜன்னல் கதவைத் திறப்பார்கள். அப்போதும் கால் மணி நேரம்தான். மூன்றரை மணிக்குக் கூரைக்குக் கீழே சூரியன் இறங்கும். உடனே எதிர்க்குன்று மறைத்துவிடும்."

"அப்படியானால் அறுபது வருஷத்து வெயில் இந்தச் சுவரில் கையெழுத்துப் போட்டிருக்கிறது." சுப்பராயன் மனைப்படத்தின் அருகே போனார். படமுள்ள தோலில் ஒரு நட்சத்திரமும் இல்லை. அப்போதுதான் கிடங்கிலிருந்து வந்தது போல் மஞ்சளாக, சுத்தமாக இருந்தது.

தணிகாசலத்தின் சாவிகள் சந்தோஷமாகக் குலுங்கின. "பார்த்தீர்களா? பக்கத்துத் தோல்களுக்கெல்லாம் வெயில் பட்டிருக்கிறது. நடுவில் இருக்கிற இதற்கு மட்டும் படவில்லை. இது நேற்று முளைத்தது ஐயா."

"பழைய படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"பார்த்திருக்கிறேனாவா? முப்பது வருஷம். இதே இடத்தில்தான் தொங்கியது. சுனை மதிலுக்கு உள்ளே இருந்தது. கண்ணை மூடினால் இப்போதும் தெரிகிறது."

"திறந்துவைத்துக்கொள்ளுங்கள், போதும்" என்றார் சுப்பராயன். "முனியம்மாவைக் கூப்பிடுங்கள்."

முனியம்மா துடைப்பத்தோடுதான் வந்தாள். நாற்பது வயது. தலையில் சும்மாடு. கீழ்க்கொட்டாயில் நாற்பது வீடு. ஏழு மாதமாகச் சுனைத் தண்ணீர் வெளியே வரும் தெற்கு மதகு மூடிக்கிடப்பதால் மூன்று மைல் நடந்து தண்ணீர் எடுக்கிறார்கள். கோர்ட்டில் பிராது கொடுத்தவளும் அவள்தான், மகாலைப் பெருக்குகிறவளும் அவள்தான். பிராது கொடுத்த பிறகும் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை.

"இந்தப் படத்தை நீ மாத்தினியா?"

"நான் எதுக்கு சாமி மாத்தறேன்?"

"முன்னாடி இங்க படம் இருந்ததைப் பாத்திருக்கியா?"

முனியம்மா யோசிக்கவே இல்லை. "இல்லீங்க. இருவது வருசமா இந்தச் செவுத்த தொடைக்கிறேன். படத்த நான் பாத்ததே கெடயாது. பத்து நாளாத்தான் பாக்கறேன்."

அமீர் பாஷா மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தான். "தங்கச்சி, கொஞ்சம் யோசிச்சி சொல்லக்கூடாதா? போலீஸ்காரன் இன்னும் மலையே ஏறல, அதுக்குள்ள நீயே கைய நீட்டுற."

"இல்லாதத இருந்துச்சின்னு சொல்லச் சொல்றியா பாய்? ஒன்னு சொல்றேன், கேளு. நான் தோல மாத்தணும்னா மொதல்ல எனக்கு ஆடு வேணும். எங்க கொட்டாயில ஆடெல்லாம் தாகத்துல வித்தாச்சி."

தணிகாசலம் பிரம்பைத் தரையில் தட்டினார். "இன்னும் என்ன ஐயா வேண்டும்? பழைய படத்தை நான் முப்பது வருஷம் பார்த்தேன். இவள் பார்த்ததே இல்லை என்று சாதிக்கிறாள். பத்து நாளாகத்தான் இந்தப் படம் இருக்கிறது என்று அவள் வாயாலேயே வந்துவிட்டது."

ராணியின் விசிறி நின்றுவிட்டது. மணி மூன்று இருபது.

சுப்பராயன் அமீர் பாஷாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"பாய், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. தோல் புதுசா, பழசா?"

"அதுதான் பேஜாரா இருக்கு அண்ணே." அமீரின் முகத்தில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை. "கண்ணு புதுசுங்குது. ஓரத்தத் தொட்டுப் பாத்தேன், கை பழசுங்குது. நார் காஞ்சு போயிருக்கு. எண்ணெ இப்பத்தான் மேல போட்டிருக்காங்க, உள்ள போகவேயில்ல. தையல் நூலும் அந்தக் காலத்து நூலு. ஆனா வெயில்பட்ட அடையாளமே இல்லியே. பொட்டியில கெடந்த பழைய தோலா இருக்கும். எவனோ அதுல படம் போட்டு மாட்டிட்டான்."

"பெட்டியில் கிடந்தால் மடிப்பு விழுந்திருக்காதா?"

அமீர் திரும்பிப் படத்தைப் பார்த்தான். மடிப்பு ஒன்றுகூட இல்லை.

"சுருட்டி வெச்சிருந்தா?"

"மை வெடித்திருக்கும். ஒரு கோடு வெடிக்கவில்லை. அந்தத் தோல் அறுபது வருஷமும் தொங்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஆனால் வெயிலே பார்க்கவில்லை."

"அப்ப கெணத்துலதான் தொங்கியிருக்கணும்."

சுப்பராயன் நடுத்திரைக்கு இடது பக்கத்துத் தோலின் ஓரத்தில் குனிந்து நின்றார். அங்கே ஒரு நட்சத்திரம் பாதியோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு. வலது பக்கத்துத் தோலின் ஓரத்திலும் அப்படியே இரண்டு அரை நட்சத்திரங்கள். ஜன்னல் யாருக்கும் பாதி நட்சத்திரம் போடாது. மீதிப் பாதி நடுவில் இருந்த ஏதோ ஒன்றின்மேல் விழுந்திருக்க வேண்டும்.

அவர் நிமிர்வதற்குள் வெயில் வந்துவிட்டது. மணி மூன்றரை. கல் ஜன்னலிலிருந்து நட்சத்திரங்கள் சாய்வாக இறங்கிச் சுவர் முழுக்க உட்கார்ந்தன. சிவப்பு நட்சத்திரத்தின்மேல் வெயில் நட்சத்திரம், ஒன்றுக்குமேல் ஒன்று. மனைப்படத்தின்மேல் மட்டும் அவை கிழக்கு மேற்கு தெரியாத விருந்தாளிகள் போல் வெறும் மஞ்சளில் நின்றன.

"முனியம்மா, படத்தைப் பார்த்ததில்லை என்றாயே, இந்த இடத்தில் அப்போது என்ன இருந்தது? வெறும் சுவரா?"

"இல்ல சாமி. தோலுதான். மத்ததுங்க மாதிரியே நட்சத்திரம் போட்டு. கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும். துணி மாட்டிக்கும்."

அமீர் பாஷாவின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

சுப்பராயன் ராணியிடம் திரும்பினார். "பத்து நாளைக்கு முன்னால் இந்தத் திரைகளை யாராவது இறக்கினார்களா?"

"நான்தான் இறக்கச் சொன்னேன். நான் வருவதற்கு முன்பு எண்ணெய் போட்டு வைக்கட்டும் என்று ஆம்பூரிலிருந்து தோல் வியாபாரி நயீம் அகமதுவின் ஆட்கள் நாலு பேரை வரவழைத்தேன். ஒரே நாளில் இறக்கி, புங்கெண்ணெய் தேய்த்து, மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்."

"பாய், இப்போது நீங்கள் சொல்ல வேண்டியது."

அமீர் வாயை மூடி, தொண்டையைச் செருமிக்கொண்டான். "ராணியம்மா, தோலுக்கு ரெண்டு பக்கம். முடி இருந்த பக்கம் வழவழன்னு இருக்கும். சதைப்பக்கம் சொரசொரன்னு இருக்கும். எங்க ஆளுங்க எவன்கிட்ட தோலக் குடுத்தாலும் முடிப்பக்கம்தான் வெளிய வெப்பான். சதைப்பக்கம் வெளிய தெரிஞ்சா, சட்டைய உள்பக்கம் வெளிய போட்டுக்கினு கல்யாணத்துக்கு வந்தவனப் பாத்த மாதிரி அவனுக்கு. கேக்கவே மாட்டான். கை தானா திருப்பிடும். நானா இருந்தாலும் திருப்பியிருப்பேன்."

"திருப்பினால்?" என்றார் ராணி.

"திருப்பிப் பார்த்துவிடலாம்" என்றார் சுப்பராயன்.

தணிகாசலம் குறுக்கே வந்தார். "கமிஷனர் வருவதற்கு முன்னால் சாட்சியத்தைத் தொடக்கூடாது. சட்டப்படி அது..."

"சாட்சியத்தின் முதுகைப் பார்க்கச் சட்டத்தில் எங்கும் தடை இல்லை" என்று சொல்லிவிட்டுச் சுப்பராயன் ஏணி கேட்டார்.

அமீரும் முனியம்மாவும் வளையங்களைக் கழற்றினார்கள். திரையை மெதுவாகப் புறம் திருப்பினார்கள். முனியம்மாதான் முதலில் பார்த்தாள்.

"இது. இதத்தான் நான் தொடைப்பேன்."

தோலின் சதைப்பக்கம் முழுக்கச் சிவப்பு நட்சத்திரங்கள், வால்களோடு. அமீர் அதைக் கொக்கிகளில் மாட்டினான். இடது ஓரத்தில் மூன்று அரை நட்சத்திரங்கள் தங்கள் மீதிப் பாதியோடு போய் ஒட்டிக்கொண்டன. வலது ஓரத்தில் இரண்டு. மயிரிழை விலகவில்லை. குன்றை இரண்டடி தப்பாக அளந்த இலாகாவில் யாராலும் இப்படிப் பொருத்தியிருக்க முடியாது.

"படத்தை வரையச் சொன்ன ராஜாவுக்கு வெயில் தோலைச் சிவக்கவைக்கும் என்று தெரியும்" என்றார் சுப்பராயன். "படம் அழகுக்கு இல்லை, ருசுவுக்கு. அதனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து மாட்டினார். சுவரையே பெட்டியாக்கிவிட்டார். அறுபது வருஷமாக வெயில் முதுகில்தான் பட்டது. எண்ணெய் போட வந்தவர்கள், யாரோ விவரம் கெட்டவன் புறம் மாற்றி மாட்டிவிட்டான் என்று நினைத்து, புண்ணியத்துக்குத் திருப்பி மாட்டிவிட்டார்கள். படத்தை யாரும் மாற்றவில்லை. இது ராஜாவின் படம்தான்."

"அப்ப முனியம்மா பாத்ததே இல்லன்னது நெசம்" என்றான் அமீர்.

"நிஜம். அவள் மட்டும்தான் நிஜம் சொன்னாள். பத்து நாளைக்கு முன்பு வரை இந்தச் சுவரில் எந்தப் படத்தையும் யாரும் பார்த்திருக்க முடியாது." சுப்பராயன் தணிகாசலத்தைப் பார்த்தார். "நீங்கள் முப்பது வருஷமாகப் பார்த்த படம் எது ஐயா?"

தணிகாசலத்தின் சாவிகள் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் இருந்தன.

"பெட்டி பெட்டியாகத் தேடியிருப்பீர்கள். படம் கிடைக்கவில்லை. இல்லவே இல்லை என்று தைரியம் வந்த பிறகுதான் படத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தீர்கள். இல்லாத படம் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது, மதகுச் சாவி உங்கள் இடுப்பிலேயே இருந்துவிடும். அது திடீரென்று சுவரில் முளைத்தபோது, இரவில் சரியாகத் தூங்கியிருக்கமாட்டீர்கள்."

"தண்ணீர் மகாலுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார் தணிகாசலம்.

"வழியில உங்க மச்சினர் தோட்டத்துல கால் கழுவிக்கினு வந்தோம்" என்றான் அமீர். "தண்ணி ஜில்லுனு இருந்துச்சி. மகாலுக்குள்ளதான் வேர்க்குது."

ராணி எழுந்து வந்தார். "படத்தைத் திருப்புங்கள். எனக்கு அதை வாசித்துக் காட்டுங்கள்."

மறுபடியும் திருப்பினார்கள். சுப்பராயன் விரலால் நீலக் கோட்டின்மேல் நடந்தார். மலை அளந்தவருடைய விரல், நிதானமாகப் போயிற்று.

"சுனை வடக்கே, மதிலுக்கு வெளியே. இங்கே மதிலுக்குள் நுழைகிறது. நுழைந்த தண்ணீர் தொட்டிக்குப் போகவில்லை, பாருங்கள், சுவருக்குள் போகிறது. மூன்றடி கனத்தில் சுவர் கட்டியது பலத்துக்கு மட்டும் இல்லை. உள்ளே சுட்ட மண் குழாய் பதித்திருக்கிறார்கள். தண்ணீர் இந்தக் கூடத்தைச் சுற்றி, படுக்கையறையைச் சுற்றி, தெற்குச் சுவரில் சிங்கமுகத்தின் வழியாக வெளியே வந்து கீழ்க்கொட்டாய்க்கு ஓடுகிறது. அதுதான் இந்த மகாலின் குளிர்ச்சி. அறுபது வருஷமாக வெயில் காலத்தில் சுவருக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது."

"கீழே மதகை மூடினால்?"

"குழாயில் தண்ணீர் நின்றுவிடும். நின்ற தண்ணீர் சூடாகும். மேலே வழிவது காப்பித் தோட்டத்துக்குப் போகும். கீழ்க்கொட்டாய்க்குத் தண்ணீர் போனால்தான் பனிமகாலில் பனி, ராணியம்மா. ராஜா தானம் செய்யவில்லை. கட்டடமே அப்படி."

"எங்க தாதாவா இருந்தா இன்னும் ஒரு குழாய் ஜாஸ்தி வெச்சிருப்பாரு" என்றான் அமீர். யாரும் சிரிக்கவில்லை. அவன் அதற்காகச் சொல்லவும் இல்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நான்கு மணிக்குக் கமிஷனர் டோலியில் வந்து சேர்ந்தார். படத்தின் முகத்தைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். அரை நட்சத்திரங்களை ஒட்டவைத்துப் பார்த்தார்; பிடித்துப்போய் இன்னும் இரண்டு தடவை ஒட்டவைத்துப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலு வரி எழுதி, சுனை மதிலுக்கு வெளியே என்று கையெழுத்துப் போட்டார்.

ஜமேதார் மலை ஏறி வந்த களைப்போடு சுற்றிப் பார்த்தார். "அப்ப நான் யாரைக் கூட்டிட்டுப் போறது?"

தணிகாசலம் கூரையில் தேக்கு உத்தரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ராணி கையை நீட்டினார். இத்தனை வருஷமாக முன்னால் போய்ச் சேதி சொன்ன சாவிக்கொத்து இடுப்பிலிருந்து அவிழ்ந்து, அந்தக் கைக்கு வந்தது.

"இவர் இன்றைக்கே மலை இறங்குவார். வழித்துணைக்கு நீங்கள் போங்கள், ஜமேதார். கோர்ட்டில் எழுதிக் கொடுத்ததற்குப் பதில் சொல்ல வேண்டிவரும் என்று வழியில் சொல்லிக்கொண்டே போங்கள்" என்றார் ராணி. பிறகு முனியம்மாவின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது.

"ஏழு மாதமாக இப்படித் தவித்திருக்கிறீர்கள். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் நேரே என்னிடம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

முனியம்மா துடைப்பத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தேன் ராணியம்மா. காரமேட்டுக்கு மூணு வாட்டி நடந்து வந்தேன். மூணு வாட்டியும் உள்ளேர்ந்தே சொல்லி அனுப்ச்சீங்க, காரியஸ்தர்கிட்ட போய்ச் சொல்லுன்னு."

கோபமில்லாமல்தான் சொன்னாள். மழை வந்தது, போனது என்று சொல்வது போல. அமீர் பாஷாவிடம் ஒரு வேடிக்கைப் பேச்சு தயாராக இருந்தது. பதினெட்டு வருஷத் தோல் கிடங்கு, ஆறு வருஷத் துப்பறியும் தொழில் எல்லாவற்றிலும் முதல் தடவையாக அதை விழுங்கிவிட்டான். தொண்டையில் இறங்க நேரமாயிற்று.

ராணி சாவிக்கொத்தைப் பார்த்தார். "மதகுச் சாவி எது?"

முனியம்மா தொட்டுக் காட்டினாள்.

டோலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ராணி படியிறங்கினார். தெற்கு மதில் ஓரமாக, கல்லும் முள்ளுமான பாதை. மதகுக்கு அப்பால் கீழ்க்கொட்டாய்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடங்களோடு நின்றிருந்தார்கள். கமிஷனர் வருகிறார் என்று தெரிந்து வந்தவர்கள். ராணியைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ராணி பூட்டைத் திறந்து, இரும்புத் திருகைப் பிடித்துத் திருப்பினார். அசையவில்லை. மறுபடி திருப்பினார். உள்ளங்கையெல்லாம் துரு.

"அந்தப் பக்கம் இல்ல ராணியம்மா, இந்தப் பக்கம்." முனியம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். இரண்டு கையும் சேர்ந்து திருப்ப, அடியில் ஏதோ முனகியது. "இனி நான் பாத்துக்கறேன். நீங்க தள்ளி நில்லுங்க. மொதத் தண்ணி சேறா வரும், பொடவையெல்லாம் பாழாயிடும்."

ராணி தள்ளி நிற்கவில்லை.

சேறாகத்தான் வந்தது.